ஆர்கேட் கேம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏன் லேட்டாக வந்தது? கண்டுபிடிக்கும் வழி

பிடித்த ஆர்கேட் கேம் (கடையில் காசு போட்டு ஆடும் பெரிய மெஷின் கேம்) வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வர வருஷக்கணக்கில் ஆனது என்று தெரிந்ததும் "அந்தக் காலத்து மெஷினுக்கு அவ்வளவுதான் சக்தி" என்று முடித்துவிடாதீர்கள். பல சமயம் காரணம் வேறு.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள். கேம் ஆர்கேடில் வந்த வருஷம், கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்த வருஷம், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் எண்ண வேண்டும். டாங்கி காங் என்ற ஆர்கேட் கேம் 1981, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் 1982, அதற்கு ஓஷன் என்ற கேம் நிறுவனம் வெளியிட்ட அதிகாரபூர்வப் பதிப்பு 1986. ஆக, தாமதம் 4 வருஷம், 5 இல்லை. கன்சோல் (டிவியில் மாட்டி கேம் மட்டும் ஆடும் மெஷின்) தேதியை இதில் கலக்காதீர்கள், அது தனிக் கதை.

அப்புறம் ஹார்டுவேர். டாங்கி காங் ஆர்கேட் மெஷினிலும் இசட்80 புராசஸர், ஸ்பெக்ட்ரமிலும் அதேதான், வேகம்கூட ஸ்பெக்ட்ரமுக்குத்தான் கொஞ்சம் அதிகம் (3.5 மெகாஹெர்ட்ஸ், ஆர்கேடில் 3.072). ஆனால் ஆர்கேடில் உருவங்களை நகர்த்தத் தனி சர்க்யூட் உண்டு. ஸ்பெக்ட்ரமில் எல்லாம் புராசஸர் தலையில்தான், போதாக்குறைக்கு 8×8 புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம், நெட்டுக்குத்தான ஆர்கேட் திரையைப் படுக்கைவாட்டு டிவியில் அடக்கும் வேலை வேறு. தலைவலிதான், ஆனால் இதற்கு நாலு வருஷம் ஆகாது!

சந்தேகமாக இருந்தால் கேமின் சொந்தக்காரரிடம் உரிமம் வாங்காமல் செய்த காப்பிகளைத் தேடுங்கள், இதுதான் எனக்குப் பிடித்த சோதனை. பெயரை லேசாக மாற்றிய டாங்கி காங் காப்பிகள் ஸ்பெக்ட்ரமில் 1983-லேயே வந்துவிட்டன. காப்பி முன்னாடியே வந்திருக்கிறது, ஒரிஜினல் பின்னாடி வருகிறது என்றால் மெஷின்மேல் பழி போட முடியாது, உரிமத்தின் பக்கம் திரும்புங்கள்.

அதற்குப் பழைய பத்திரிகை ஸ்கேன்களை எடுத்து, முதல் விளம்பரத்தில் எந்த நிறுவனத்தின் பெயர், கடைசியில் பெட்டியில் எந்தப் பெயர் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. உதாரணத்துக்கு, ரெயின்போ ஐலண்ட்ஸ் என்ற கேம் ஆர்கேடில் 1987. வீட்டுப் பதிப்பை கிராஃப்ட்கோல்ட் என்ற நிறுவனம் செய்துகொடுத்தது, வெளியிட வேண்டியது ஃபயர்பேர்ட் என்ற நிறுவனம். அதன் தாய் நிறுவனமான டெலிகாம்சாஃப்ட் 1989-இல் மைக்ரோப்ரோஸுக்குக் கைமாறியதில் உரிமம் சிக்கலாகி, கடைசியில் கேமை ஓஷன்தான் 1990-இல் வெளியிட்டது. நிரல் எழுதியவர்கள்மேல் தப்பே இல்லை.