கர்ப்பப்பை மூலையில் கரு: கத்தி வைக்கும் முன்

டியூபில், அதாவது கருக்குழாயில், தங்கிய கருவை எடுத்துப் பழகிய பி.ஜி. (முதுகலை மருத்துவ) பிள்ளைகள், மூலையில் தங்கியதையும் அதே கணக்கில் எடுத்துவிடலாம் என்று வருகிறார்கள். ஆகாது. டியூப் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழையும் அந்த 1–2 செ.மீ. துண்டில்தான் கர்ப்பப்பை ரத்தக்குழாயும் சினைப்பை ரத்தக்குழாயும் கைகோக்கின்றன. சுற்றிலும் தசை இருப்பதால் கரு சத்தமில்லாமல் வளரும்; வெடித்தால் ரத்தம் நிற்காது. டியூப் கர்ப்பங்களில் 100-க்கு 2 முதல் 4 வரை இந்த வகை.

ஸ்கேனில் கரு இருக்கும் பை ஓரமாக ஒதுங்கி, அதைச் சுற்றிய தசை 5 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வயிற்றுக்குள் கேமரா போட்டதும், கர்ப்பப்பை மூலையிலிருந்து தொடை இடுக்குப் பக்கம் ஓடும் நாரான ரவுண்டு லிகமென்டை முதலில் தேடுங்கள். வீக்கம் அதற்கு வெளிப்பக்கம் என்றால் நம் கேஸ். லிகமென்டே வெளிப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் கரு கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கலாம். கத்தியைக் கீழே வையுங்கள்.

பி.பி. விழுந்துகொண்டிருந்தால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவில் பார்த்துச் செய்யும் ஆபரேஷன்) ஆசையை விட்டுவிட்டு வயிற்றைத் திறந்துவிடுங்கள். நிதானமாக இருந்தாலும் ரத்தம் தயாராக இருக்க வேண்டும். கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம் என்பதை அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

வேலையில் முக்கால்வாசி, வெட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்தான வாசோபிரசினை 20 யூனிட் எடுத்து, 100 மி.லி. சாலைனில் கலந்து வீக்கத்தின் அடிவாரத் தசையில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைப் பின்னிழுத்துப் பாருங்கள். ரத்தக்குழாய்க்குள் போனால் இதயமே நின்றுவிடலாம். மயக்க மருந்து டாக்டரிடம் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், அவர் போனில் இருந்தால் காத்திருங்கள். சரியாகப் போட்டால் சிவந்த வீக்கம் கண்முன்னே வெளுக்கும். அதைச் சுற்றிச் சுருக்குப்பை வாய்போல ஒரு தையல் ஓட்டி இறுக்குங்கள்.

இப்போது உச்சியில் கீறுங்கள். சின்ன வீக்கம் என்றால் கீறி, தண்ணீர் பீய்ச்சிக் கருவை வெளியே தள்ளினால் போதும். பெரியதென்றால் அந்த மூலையை ஆப்பு வடிவில் வெட்டியெடுக்க வேண்டும். ஒட்டிய துணுக்கைச் சுரண்டாதீர்கள். இடைவெளி விடாமல் இரண்டு அடுக்காகத் தையுங்கள். பிறகு வயிற்றுக்குள் நிரப்பிய வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். வாசோபிரசினின் வேகம் குறையும்போதுதான் கசிவு தலைகாட்டும்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசி போடுங்கள். ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை வாரம் ஒருமுறை, முழுதும் இறங்கும்வரை பாருங்கள். அடுத்த கர்ப்பத்தில் நாள் தள்ளியதுமே ஸ்கேனுக்கு வரச்சொல்லுங்கள். மூலையை வெட்டியிருந்தால், வலி வரும் முன்பே சிசேரியன் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.