ரெண்டு மனசா இருக்குன்னு இங்கிலீஷ்ல எழுத மூணு நாள் ஆச்சு

நாச்சியார்கோயில்ல எங்களுக்கு குத்துவிளக்கு பட்டறை, லண்டன் பார்ட்டி ஒருத்தர் அன்னம் வச்ச விளக்கு கேட்டாரு, அவர் சொன்ன விலைக்கு கட்டுமான்னு எனக்கு ரெண்டு மனசா இருந்துச்சு, அத அப்படியே 'ஐ ஹேவ் டூ மைண்ட்'னு மெயில் போட்டா அவருக்குப் புரியல. 'ஹேவ்' வராது, 'ஆம்' போடுன்னா தங்கச்சி. மாத்துனா அடுத்த குழப்பம், ஒரு டிக்‌ஷனரில 'இன் டூ மைண்ட்ஸ்', இன்னொன்னுல 'ஆஃப் டூ மைண்ட்ஸ்'. 'கோல்ட் ஃபீட்' போடலாமான்னு பாத்தேன், அது ஒத்துக்கிட்டு கடைசில பயந்து பின்வாங்குறதுக்கு, நான்தான் இன்னும் ஒத்துக்கவே இல்லையே. அப்புறந்தான் கண்ணுல பட்டுச்சு, பக்கத்துல பொடி எழுத்துல யூகே, யூஎஸ்னு இருக்கு. பிரிட்டிஷ்ல 'இன்', அமெரிக்கால 'ஆஃப்', எதுவானாலும் மைண்டுக்கு 'எஸ்' வேணும். 'ஐ ஆம் இன் டூ மைண்ட்ஸ் அபௌட் தி பிரைஸ்'னு அனுப்புனேன், சாயங்காலமே எவ்ளோ ஏத்தணும்னு கேட்டு பதில் வந்துடுச்சு, அப்பாடான்னு இருந்துச்சு.