டிஎஸ்எல் விளக்கு மினுக்கும்போது மோடத்தை அணைக்காதீர்கள்

டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழி வரும் இணையம்) இணைப்பு அறுந்ததும் மோடத்தைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவதுதான் பலரின் வழக்கம், அதுவே நேரத்தை இழுத்துவிடும். விளக்கு மினுக்குகிறது என்றால் மோடம் இணைய நிறுவனத்தின் எதிர்முனைக் கருவியோடு பேசி வேகத்தை முடிவு செய்துகொண்டிருக்கிறது, ஓரிரு நிமிடம் விடுங்கள், நடுவில் அணைத்தால் எல்லாம் முதலிலிருந்துதான். அடிக்கடி அறுபட்டால் சில நிறுவனங்களின் தானியங்கி அமைப்பு லைன் மோசம் என்று எடுத்துக்கொண்டு வேகத்தையே குறைத்துவிடும், அது வேறு தொல்லை.

அப்புறமும் வரவில்லையா? ஸ்ப்ளிட்டர் (போனையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டி), நீட்டிப்புக் கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோடத்தை நேராக, லைன் வீட்டுக்குள் வரும் முதல் சாக்கெட்டில் செருகுங்கள். இணைந்தால் கோளாறு வீட்டுக்குள். இணையவில்லை, போனிலும் டயல் டோன் இல்லை அல்லது கரகரவென்று இரைச்சல் என்றால் பெரும்பாலும் வெளிக்கம்பிதான், காத்திருக்காமல் புகார் பதியுங்கள். இணைந்த பிறகு மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜினையும் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் தேவைக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்ற அளவு) பாருங்கள், 6 டெசிபெலுக்கு ரொம்பக் கீழே ஆடினால் மறுபடி அறுபட வாய்ப்பு அதிகம்.