சீக்கிரம் படுத்தால் சீக்கிரம் தூங்கலாமா? தூக்கம் வராதவர்கள் செய்யும் தவறுகள்

தூக்கம் சரியில்லை என்பவரிடம் இதுவரை என்ன செய்து பார்த்தார் என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். ஒன்பது மணிக்கே படுக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்கி ஈடுகட்டுகிறார். மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணசருகிறார். நடுராத்திரியில் விழிப்பு வந்தாலும் எழுந்திருக்காமல் புரண்டுகொண்டே கிடக்கிறார். எல்லாமே நியாயமாகத் தெரிகிற காரியங்கள். தூக்கமின்மையை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் பெரும்பாலும் இவைதான்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதை விளக்கினார். சிலருக்கு இயல்பிலேயே லேசான தூக்கம். அதன்மேல் ஏதோ ஒன்று வந்து விழுகிறது: வீட்டில் ஒரு சாவு, வேலை போனது, பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு, ஆஸ்பத்திரி அலைச்சல். சில வாரம் தூக்கம் கெடுகிறது. பலருக்கு அது தானாகவே சரியாகிவிடும். சிலருக்கோ காரணம் போன பிறகும் தூக்கமின்மை தங்கிவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் எப்படியாவது தூங்கிவிட வேண்டும் என்று தொடங்கிய பழக்கங்களே அதற்குத் தீனி போடுகின்றன. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாவது இப்படிப் போனால் நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர்கள் பெயர் வைப்பார்கள்.

படுக்கையில் கிடக்கும் நேரம்

முதல் தவறு, எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறும், சீக்கிரம் படுப்பது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கத்தின் தேவை கூடும். இதைத் தூக்கப்பசி என்று வைத்துக்கொள்ளலாம். இதோடு மூளைக்குள் இருக்கும் உயிர்க் கடிகாரமும் இப்போது இரவு என்று ஒத்துழைக்க வேண்டும். இரண்டும் கூடும் வேளையில்தான் நல்ல தூக்கம் வரும். சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-ல் முன்வைத்த இந்த விளக்கம்தான் இன்றைய தூக்க மருத்துவத்துக்கு அடிப்படை. ஒன்பது மணிக்குப் படுத்தால் பசியும் முற்றவில்லை, கடிகாரமும் ஒத்துக்கொள்ளவில்லை. கிடைப்பது இரண்டு மணி நேர விழிப்பு, அதுவும் இருட்டில், யோசனைகளோடு.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் இதே கணக்கில் பாருங்கள். தினமும் ஆறு மணிக்கு எழுபவர் பத்து மணிக்குப் படுக்கும்போது 16 மணி நேரம் விழித்திருந்திருப்பார். ஞாயிறன்று ஒன்பது மணிக்கு எழுந்தவர் அதே பத்து மணிக்கு 13 மணி நேரமே விழித்திருக்கிறார். ஞாயிறு ராத்திரி தூக்கம் வராததற்குத் திங்கட்கிழமை ஆபீஸ் நினைப்பு மட்டும் காரணமில்லை. மத்தியானத் தூக்கமும் அப்படியே. நாலு மணிக்கு நாலு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ராத்திரி பசிக்கவில்லை என்பது போலத்தான். தூக்கப் பிரச்சினை இல்லாதவர் மத்தியானம் தாராளமாகத் தூங்கட்டும். இருப்பவர் விட்டுவிடுவது நல்லது. முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன்னால், இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கான சிகிச்சை கேட்பதற்குக் கொஞ்சம் கொடுமையாக இருக்கும். படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். ஒருவர் இரவு 9.30-லிருந்து காலை 6.30 வரை ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருக்கிறார், உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்த நேரத்தில் 61 சதவீதம்தான் தூக்கம். அவரை 12.30-க்குப் படுத்து ஆறு மணிக்கு எழச் சொல்வார்கள். முதல் வாரம் பகலெல்லாம் சோர்வு பிடுங்கும். ஆனால் சேர்ந்த தூக்கப்பசி, துண்டு துண்டாக இருந்த தூக்கத்தை ஒட்டவைக்கும். படுத்த நேரத்தில் 85 சதவீதமாவது தூக்கமாக மாறியதும் வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்தக் கட்டத்திலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. வலிப்பு நோய், இருமுனை மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருப்பவர்கள், லாரி பஸ் ஓட்டுபவர்கள் இதைத் தாமாகச் செய்யக்கூடாது. மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னொன்று. "மூணு மணிக்கே முழிப்பு தட்டிடுது" என்று அப்பா புலம்பினால், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்டுப் பாருங்கள். எட்டரைக்கு என்றால் அவர் ஆறரை மணி நேரம் தூங்கியிருக்கிறார். அதற்கு மாத்திரை வேண்டாம், பத்தரை வரை அவரோடு பேசிக்கொண்டிருக்க ஒரு ஆள்தான் வேண்டும்.

விழித்தபடி கிடப்பது

தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருந்தால் உடம்புக்கு ஓய்வு கிடைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். ஓரிரவுக்கு அது சரி. மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. ஹாலில் டிவி முன்னால் கண் சொக்கியவர், கட்டிலுக்குப் போனதும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான். இதை மாற்றும் முறையை ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-ல் வகுத்தார்: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படு. சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்துக்குப் போ. மறுபடி சொக்கினால் வா. எத்தனை முறை ஆனாலும் இப்படியே செய். எந்நேரம் தூங்கினாலும் காலையில் அதே நேரத்துக்கு எழு.

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எங்கே போவது? எழுந்து சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும். திண்ணையோ வராண்டாவோ இருந்தால் இன்னும் நல்லது. ட்யூப்லைட்டைப் போடாமல் சின்ன வெளிச்சத்தில் சலிப்பூட்டும் வேலை ஏதாவது செய்யலாம். பழைய பத்திரிகை புரட்டுவது, துணி மடிப்பது. சமையலறைக்குப் போய் மிக்சர் டப்பாவைத் திறப்பது இதில் சேராது.

பாயில் படுத்த காலத்தில் விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவார்கள். படுக்கை பகலில் இல்லவே இல்லை. இன்று கட்டில் மெத்தைதான் ஆபீஸ், சாப்பாட்டு மேசை, தியேட்டர் எல்லாம். லேப்டாப்பைக் கட்டிலை விட்டு இறக்குவது செலவில்லாத சிகிச்சை.

மணி பார்ப்பது இதோடு ஒட்டிய தவறு. 2.40 என்று தெரிந்ததும் "இப்பத் தூங்கினாலும் மூணு மணி நேரம்தான்" என்ற கணக்கு ஓடும். கணக்கு பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் விழிப்பைக் கூட்டும். அலாரம் வைத்துவிட்டு செல்போனைக் கை எட்டாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இன்னும் மோசம். அதில் தூக்க மதிப்பெண் குறைகிறதே என்ற கவலையிலேயே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2017-ல் எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனையில் தூக்கத்தை அளக்க மூளை அலைகளைப் பதிவு செய்கிறார்கள். வாட்ச் உங்கள் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகம் செய்கிறது.

தூங்க முயற்சி செய்வதுகூட ஒரு தவறுதான். முயற்சி என்பதே விழிப்பின் வேலை. வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் இதற்கு நேர்மாறான வழி சொன்னார்: படுத்துக்கொண்டு தூங்காமல் இருக்கப் பாருங்கள். போன் இல்லை, அசைவு இல்லை, கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும். தூங்கியாக வேண்டும் என்ற நெருக்கடி விலகியதும் சிலருக்கு இமை தானாகக் கனக்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

நாளைய வேலைகள் தலைக்குள் ஓடுபவர்களுக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. படுக்குமுன் ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், ஏற்கெனவே முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். கேஸ் புக் பண்ணணும், பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும் என்று எவ்வளவு விவரமாக எழுதுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

காபி, சரக்கு, செல்போன்

அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்துகொள்கிறது. தூக்கப்பசி தீரவில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரம்போல ஆகும். ஆளுக்கு ஆள் மாறும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் நேரமாகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் டம்ளர் ஒன்றில் அத்தனை இருக்காது. சிக்கரியில் காஃபின் கிடையாது என்பதால் சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் இன்னும் குறைவு. ஆனாலும் தூக்கம் கெட்டவர்கள் மதியச் சாப்பாட்டோடு காபி, டீ இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். "நான் காபி குடிச்சிட்டே தூங்குவேன்" என்பவர்கள் உண்டு. தூங்குவார்கள், ஆழ்ந்த தூக்கம் குறைவது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வருகிறது என்பது உண்மை. பின்னிரவில் மது இறங்கும்போது தூக்கம் உடைந்து உடைந்து போவதும் உண்மை. குறட்டையும் கூடும். தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மூச்சே நின்றுபோகலாம்.

செல்போன் விஷயத்தில் நீல வெளிச்சம் நீல வெளிச்சம் என்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டோம் என்று நினைக்கிறேன். வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் திரையை மஞ்சளாக்கிக்கொண்டு, பதினொன்றரைக்குக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் சொத்துத் தகராறு படித்தால் யாருக்குத் தூக்கம் வரும்? வெளிச்சத்தைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது காலையில். எழுந்ததும் அரை மணி நேரம் வெளி வெளிச்சத்தில் நடந்தால் உயிர்க் கடிகாரம் சரியான நேரத்துக்கு ஒட்டிக்கொள்ளும்.

வெயில் காலத்தில் மேல்மாடி வீடுகளில் தூங்க முடியாததற்கு உடல் காரணமும் இருக்கிறது: தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியேறும். மே மாதச் சென்னையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், மார்கழியில் செய்து பாருங்கள்.

மாத்திரை

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணிக்கும் மருந்து) ஸ்ட்ரிப்பிலிருந்து பாதி மாத்திரை என்றுதான் பலருக்கும் ஆரம்பிக்கிறது. இந்தியாவில் அது அட்டவணை எச்1 மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இத்தனை கெடுபிடிக்குக் காரணம், சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும் என்பதுதான். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். அதைப் பார்த்து "எனக்கு மாத்திரை இல்லாமல் முடியாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். முதியவர்களுக்கு ராத்திரி பாத்ரூம் போகையில் தடுமாறி விழும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கிப் போடக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சளி, அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவதும் நல்லதல்ல. சில நாளில் பலன் போய்விடும், காலையில் மந்தம் மட்டும் மிஞ்சும். இப்போது மெலடோனின் மிட்டாய் வடிவிலும் வருகிறது. அது "இரவு வந்துவிட்டது" என்று உடம்புக்கு நேரம் சொல்லும் ஹார்மோன், மயக்கும் மருந்து அல்ல. விமானப் பயணத்தில் நேரம் குழம்பியவர்களுக்கு உதவும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2017 பரிந்துரை. பாட்டி வைத்தியமான ஜாதிக்காய்ப் பாலில் ஒரு சிட்டிகை இருந்தால் தொந்தரவில்லை. தேக்கரண்டிக் கணக்கில் போட்டால் படபடப்பும் மனக்குழப்பமும் வரும்.

மேலே சொன்ன நேரக் கட்டுப்பாடு, எழுந்து போவது, எண்ணங்களைக் கையாள்வது எல்லாம் சேர்ந்ததுதான் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-ல் சொல்லிவிட்டது. நம் ஊரில் இதைச் செய்யத் தெரிந்த உளவியலாளர்கள் குறைவு; மாத்திரைச் சீட்டு இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம்.

பழக்கம் மட்டும் காரணமில்லாதபோது

எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் கட்டுவது கடைசித் தவறு. பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல், பகலில் உட்கார்ந்தால் தூக்கம் என்றால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்து. படுத்ததும் காலில் குறுகுறுவென்று ஊர்ந்து, அசைத்தால்தான் நிம்மதி என்றால் ரத்தத்தில் ஃபெர்ரிட்டின் அளவை, அதாவது உடலின் இரும்புச்சத்து இருப்பை, பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். தைராய்டு அதிகம் சுரப்பது, சர்க்கரையால் அடிக்கடி சிறுநீர், மாதவிடாய் நிற்கும் வயதில் திடீர் வியர்வை, நெஞ்செரிச்சல், மாலையில் போடும் நீர் மாத்திரை என்று இன்னும் உண்டு. விடியலுக்கு முன் விழிப்பு, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டும் சேர்ந்திருந்தால் மனச்சோர்வைச் சந்தேகிக்கலாம். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எப்போது படுத்தீர்கள், சுமாராக எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழிப்பு, எப்போது எழுந்தீர்கள், பகல் தூக்கம், காபி, மது. காலையில் எழுந்த பிறகு உத்தேசமாக எழுதினால் போதும், ராத்திரி கடிகாரம் பார்த்து எழுத வேண்டாம். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், லேகியம் சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. குறட்டையைப் பற்றிச் சொல்ல அவரால்தான் முடியும்.