ஸ்டார்ட்அப் டூல் ஹேங் ஆனால் செய்யக்கூடாதவை

கணினி ஆன் ஆனதும் தானாக ஓடும் புரோகிராம்களை நிறுத்தி வேகத்தைக் கூட்டும் ஸ்டார்ட்அப் டூலை (ஆப்டிமைசர்) ஓட்டும்போது, ஸ்கேன் பாதியில் நின்று, விண்டோ வெளுத்து, மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்ததும் பலரின் கை நேராகப் பவர் பட்டனுக்குப் போகிறது. முதல் தவறு அதுதான். ஒரு விண்டோ சில விநாடிகள் பதில் தராவிட்டாலே விண்டோஸ் அப்படித்தான் காட்டும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அந்த டூலுக்கு நேரே சிபியு, டிஸ்க் எண்கள் ஏறி இறங்கினால் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் பார்த்தும் இரண்டும் 0-விலேயே கிடந்தால் நிஜமாகவே மாட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் எண்ட் டாஸ்க் கொடுக்குமுன், டீடெய்ல்ஸ் பக்கத்தில் அதன் பெயரை ரைட் கிளிக் செய்து ‘அனலைஸ் வெயிட் செயின்’ பாருங்கள். வேறொரு புரோகிராமுக்காகக் காத்திருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். ஒரே சிஸ்டத்தில் இரண்டு ஆப்டிமைசர், போதாததற்கு இரண்டு ஆன்டிவைரஸ் என்று வைத்திருப்பவர்கள் இங்கேதான் பிடிபடுவார்கள்.

பவர் பட்டன் ஏன் ஆபத்து? எந்தப் புரோகிராம் தானாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டார்ட்அப் பதிவுகளில் பெரும்பாலானவை ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடத்தில், இருக்கின்றன. சில டூல்கள் ஒரு பதிவை நிறுத்தும்போது அதை அங்கிருந்து எடுத்துத் தன் பேக்கப்பில் போட்டுக்கொள்ளும். நடுவில் மெஷின் அணைந்தால் பதிவு அங்கும் இல்லாமல், இங்கும் இல்லாமல் போகலாம். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில், செத்துப்போன யுபிஎஸ் பேட்டரியை நம்பி இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். கட்டாயம் செய்தாக வேண்டுமென்றால் முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) போட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்க் 100 சதவீதம், ஆனால் வேகம் நொடிக்கு ஓரிரு எம்பி என்று காட்டினால் குற்றவாளி பெரும்பாலும் டூல் இல்லை, ஹார்ட் டிஸ்க். அதே டூலைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் டிஸ்க்தான் இன்னும் தேயும். முக்கியமான ஃபைல்களை முதலில் காப்பி எடுங்கள். பிறகு சி டிரைவின் ப்ராபர்ட்டீஸில் டூல்ஸ், செக் கொடுங்கள். எஸ்எஸ்டி மாற்றினால் கிடைக்கும் வேகத்தை எந்த ஆப்டிமைசரும் தராது.

ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்பதும் தவறு. விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்யும்போது கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதி) நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். டிரைவர் கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாக எழும்.

எதை நிறுத்துகிறோம் என்று பார்க்காமல் ‘ஆப்டிமைஸ் ஆல்’ அழுத்துவதுதான் மிக மோசம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு இ-சேவை மையக் கணினியில் இப்படிச் செய்தால், கைரேகைக் கருவியை ஆதார் சரிபார்ப்போடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற புரோகிராமும் சேர்ந்து நின்றுவிடலாம். கருவியில் விளக்கு எரியும், ரேகை மட்டும் பதியாது. வரிசையில் நிற்பவர்கள் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் அந்த ஆர்டி சர்வீஸின் பெயரைத் தேடி, ஸ்டார்ட்அப் டைப்பை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கி, ஸ்டார்ட் கொடுங்கள். டிடிபி கடையில் தமிழ் கீபோர்டு புரோகிராமுக்கும் இதே கதிதான். முகூர்த்த மாதத்தில் பத்திரிகை வேலை குவிந்திருக்கும்போது தமிழ் அடிக்காமல் போனால், ஃபான்ட்டைக் குறை சொல்லுமுன் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் அது டிசேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே எனேபிள் செய்துவிடலாம்.