ஏமி வைன்ஹவுஸை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

இந்த இங்கிலாந்துப் பாடகியின் பெயரைத் தேடினாலே போதை, காதல் சண்டை, 27 வயதில் மரணம் என்றுதான் முதலில் வந்து நிற்கும். அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கதை தலைக்குள் ஏறிவிட்டால் அப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் சாவுக்கு முன்னறிவிப்பு மாதிரியே ஒலிக்கும், அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

2003-இல் வந்த 'ஃபிராங்க்' ஆல்பத்தை முதலில் போடுங்கள். அப்போது அவருக்கு 20 வயது. பாட்டி ஜாஸ் பாடியவர், அப்பா வீட்டில் பழைய அமெரிக்கப் பாடகர் சினாட்ராவின் பாடல்களைப் பாடுவார், அந்த வளர்ப்பு குரலில் தெரியும். பாடல் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டே கேளுங்கள், ஏனென்றால் காதலனையும் தன்னையும் ஒரே வேகத்தில் வெளுத்து வாங்குகிற அந்த எழுத்துதான் அவருடைய பாதி பலம். தான் கிடாரைக் கையில் எடுத்ததே ஏமியால்தான் என்று பாடகி அடெல் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது 2006-இல் வந்த 'பேக் டு பிளாக்'. இதை ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும். அறுபதுகளின் பெண்கள் குழுப் பாடல்களின் டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் பின்னால் ஓட, ஏமி தாளத்துக்கு ஒரு இழை பின்தங்கியே பாடுவார். தலைப்புப் பாடலின் நடுவில் வாத்தியங்கள் ஏறக்குறைய அடங்கிப்போய், 'பிளாக்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடம் வரும்; அங்கே வேறு வேலை எதுவும் செய்யாதீர்கள். இந்த ஆல்பம் 2008-இல் ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கித் தந்தது. விசா சிக்கலால் அவர் அன்று லண்டனிலிருந்தே பாடினார்.

சரி, இனி வாழ்க்கைக்கு வரலாம். 2011 ஜூலை 23, லண்டன் கேம்டன் பகுதியில் இருந்த அவருடைய வீடு. போதைமருந்தால் இறந்தார் என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. விசாரணையில் தெரிந்தது மதுவின் நச்சு: 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம், இங்கிலாந்தில் வண்டி ஓட்ட அனுமதி 80 வரைதான். அவரைப் பற்றிய 2015 ஆவணப்படம் 'ஏமி' ஆஸ்கர் வாங்கியது, ஆனால் தன்னைச் சித்தரித்த விதத்தை அப்பா கடுமையாக எதிர்த்தார், அதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

செர்பியாவின் பெல்கிரேட் மேடையில் ஏமி தடுமாறிய வீடியோ தானாக வந்து நிற்கும். பார்க்க வேண்டாம். அதற்குப் பதில் 2006-இல் அயர்லாந்தின் டிங்கிளில், ஒரு சின்ன தேவாலயத்தில் கிடாரும் பேஸ் கிடாரும் மட்டும் துணையாகப் பாடியதைத் தேடிப் பாருங்கள்.