ரூசோவும் பிரெஞ்சுப் புரட்சியும்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சுப் புரட்சிக்கு வித்திட்டவர்கள் யாவர் என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு ரூசோ, வால்டேர், மாண்டெஸ்கியூ என்று விடை எழுதிப் பழகிவிட்டோம். நூல் வெளியாகிறது, மக்கள் படிக்கிறார்கள், அரியணை கவிழ்கிறது என்ற வரிசை அதனால் இயல்பானதாகவே தோன்றுகிறது. ஐரோப்பிய அரசியல் மெய்யியலைப் படிக்கத் தொடங்குவோர் முதலில் சறுக்கும் இடம் இதுதான். மாண்டெஸ்கியூ 1755இலேயே இறந்துவிட்டார். வால்டேரும் ரூசோவும் 1778இல் சில வார இடைவெளியில் காலமானார்கள். இவர்கள் புரட்சி வெடித்த 1789ஐப் பார்க்கவில்லை என்பதோடு, அப்படியொன்றை விரும்பியிருப்பார்களா என்பதே ஐயத்துக்குரியது. மாண்டெஸ்கியூ சட்டத்துக்குக் கட்டுப்பட்ட முடியாட்சியை மதித்தவர். வால்டேரோ பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடெரிக்குடனும் ரஷ்யாவின் இரண்டாம் காத்தரீனுடனும் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். அறிவுள்ள மன்னரால்தான் சீர்திருத்தம் வரும் என்று எதிர்பார்த்தவர்.

ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ 1762இல் வெளிவந்தது. டானியல் மோர்னே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், 18ஆம் நூற்றாண்டுத் தனியார் நூலகங்களின் பட்டியல்கள் 500ஐ ஆராய்ந்து 1910இல் எழுதியபோது, அந்த நூல் ஒரே ஒரு பட்டியலில்தான் அகப்பட்டது. இதைக் கேட்டதும் ரூசோவை அன்று யாருமே படிக்கவில்லை என்று எதிர்முனைக்கு ஓடுவதும் தவறே. அப்பட்டியல்கள் வசதி படைத்தவர்களின் அலமாரிகளைத்தான் காட்டுகின்றன. தவிரவும், பரவலாகப் படிக்கப்பட்ட ‘எமீல்’ என்ற அவருடைய கல்வி நூலின் ஐந்தாம் பகுதியில் ‘சமூக ஒப்பந்தத்தின்’ சுருக்கம் இருக்கிறது. முன்வாசலில் நுழையாத கருத்து பக்கவாட்டுக் கதவு வழியாக வந்திருக்கலாம்.

நூல்களிலிருந்து கண்ணை எடுத்து ஊர்ப்புறத்தைப் பார்க்கத் தவறுவது இதைவிடப் பெரிய பிழை. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பிரதிநிதிகளைக் கொண்ட ஸ்டேட்ஸ் ஜெனரல் பேரவை 1614க்குப் பின் முதன்முறையாகக் கூட்டப்பட்டபோது, 1789இன் தொடக்க மாதங்களில் ஊர்தோறும் குறைமனுக்கள் எழுதப்பட்டன. அவற்றில் உப்பு வரி, தேவாலயத்துக்குச் செலுத்த வேண்டிய தசம பாகம், பிரபுவின் வேட்டை உரிமை ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. பிரபுவின் புறாக்கள் விதைத்த தானியத்தைத் தின்றாலும் குடியானவன் அவற்றைத் தொடக்கூடாது என்றிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பழைய நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழித்த ஆணையின் இரண்டாவது பிரிவே புறாக்கூடு வைத்திருக்கும் தனியுரிமையைப் பற்றியதுதான். அதற்கு முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்திருந்தது, ரொட்டி விலை ஏறியிருந்தது, அமெரிக்க விடுதலைப் போருக்குக் கொடுத்த பணத்தால் கருவூலம் கடனில் மூழ்கியிருந்தது. மெய்யியல் இந்த மனக்குறைகளை உண்டாக்கவில்லை. அவற்றை ‘உரிமை’ என்ற சொல்லில் எழுத வழி செய்தது. அது சிறிய வேலையன்று.

அடுத்து, ‘சமூக ஒப்பந்தம்’ நூலை முதல் வரியோடு மூடிவிடும் பழக்கம். ‘மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான்; ஆனால் எங்கும் விலங்கிடப்பட்டிருக்கிறான்’ என்ற வரியை மேடைகளில் கேட்கும்போதெல்லாம் விலங்கை உடைக்கச் சொல்லும் அறைகூவலாகவே அது ஒலிக்கிறது. ஆனால் சில வரிகளுக்குள்ளாகவே ரூசோ, இம்மாற்றம் எப்படி நேர்ந்தது என்று தமக்குத் தெரியாது என்றும், எது அதை முறையானதாக்கும் என்ற கேள்விக்கே தம்மால் விடை தர முடியும் என்றும் எழுதுகிறார். எத்தகைய கட்டுப்பாடு நியாயமானது என்பதைத் தேடும் நூல் அது.

அந்நூலில் வரும் ‘பொது விருப்பம்’ என்ற சொல் தமிழில் கூடுதலாகவே வழுக்கும். பெரும்பான்மையோர் விரும்புவது என்று உடனே பொருள் கொண்டுவிடுகிறோம். ரூசோ ‘அனைவரின் விருப்பம்’ வேறு, ‘பொது விருப்பம்’ வேறு என்று பிரிக்கிறார். ஏரித் தண்ணீர் முதலில் தன் வயலுக்கே பாய வேண்டும் என்று ஆயக்கட்டுக்காரர் ஒவ்வொருவரும் நினைப்பதைக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது முன்னது. எல்லோருக்கும் தண்ணீர் எட்ட முறைவைத்துப் பாய்ச்ச வேண்டும் என்று அவர்களே ஆயக்கட்டின் நலம் கருதி ஏற்பது பின்னதற்கு நெருங்கியது. 1789 ஆகஸ்ட் 26ஆம் நாள் ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாவது பிரிவு, சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு என்று தொடங்குகிறது. சொல் ரூசோவினுடையது. ஆனால் அதே பிரிவு, குடிமக்கள் நேரிலோ தம் பிரதிநிதிகள் மூலமாகவோ சட்டம் இயற்றுவதில் பங்கேற்கலாம் என்று தொடர்கிறது. அந்த விருப்பத்தைப் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கவே முடியாது என்பதுதான் ரூசோவின் நிலைப்பாடு. ஆங்கிலேயர் நாடாளுமன்றத் தேர்தலின்போது மட்டுமே சுதந்திரமானவர்கள், தேர்தல் முடிந்ததும் அடிமைகள் என்று ஏளனம் செய்தவர் அவர். ஒரே வாசகத்துக்குள் அவருடைய சொல்லை ஏற்று அவருடைய வாதத்தை விலக்கியிருக்கிறார்கள். செல்வாக்கு என்று நாம் பொதுவாகச் சொல்வது நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

புரட்சியின் புகழை ரூசோவுக்குக் கொடுப்பவர்களும், கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியின் பழியை அவர்மீது போடுபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இரண்டாவது வகைத் தவறு அறிவார்ந்ததாகத் தோன்றுவதால் எளிதில் விலகுவதில்லை. புரட்சி அரசின் முன்னணித் தலைவரான ரோபெஸ்பியர் ரூசோவைப் போற்றியவர் என்பது உண்மை. அதே ரோபெஸ்பியரின் தரப்பு ஆட்சியில் இருந்தபோது, 1793 நவம்பரில் கொலைக்களம் சென்ற எதிர்த்தரப்பு மதாம் ரோலானும் ரூசோவை ஆழ்ந்து நேசித்த வாசகர்தான். இரு தரப்பும் ஒருவரையே படித்திருக்கையில், ஒரு தரப்பு மற்றதைக் கொன்றதற்குக் காரணத்தை அவர் நூலில் தேடிப் பயனில்லை. அயல்நாட்டுப் போரிலும், மேற்கு பிரான்சின் வான்தே பகுதியில் எழுந்த கலகத்திலும், பாரிஸின் உணவுத் தட்டுப்பாட்டிலும் தேட வேண்டும். போலந்துக்காக ரூசோ எழுதிய ஆலோசனையில், அரசு என்ற இயந்திரத்தைச் சட்டென்று உலுக்கிவிட வேண்டாம் என்று எச்சரித்திருப்பதையும் மறக்கக் கூடாது.

மேற்கோள்களிலும் எச்சரிக்கை வேண்டும். ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்பது வால்டேர் எழுதியதன்று. அவரைப் பற்றி ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் 1906இல் எழுதிய நூலில் வரும் வாசகம். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட் சொன்னதாக உலவும் கதையும் அப்படியே. ரூசோவின் தன்வரலாற்றில் அதைச் சொல்பவர் பெயரில்லாத ஓர் இளவரசி. அப்பகுதி எழுதப்பட்ட காலத்தில் அன்டோனெட் வியன்னாவில் வளர்ந்த சிறுமி.

இதே தவறுகள் மார்க்ஸிடம் வரும்போது பெரிதாகின்றன. ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’ 1848 பிப்ரவரியில் லண்டனில் ஜெர்மன் மொழியில் அச்சானது; அதே மாதம் பாரிஸில் மன்னர் வீழ்ந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. தொழில்மயமான நாட்டில்தான் புரட்சி வரும் என்று மார்க்ஸ் விதி எழுதி வைத்திருந்ததாகவும், ரஷ்யா அதை மீறியதாகவும் சொல்வது இன்னொரு வழக்கம். 1881இல் வேரா ஸாசுலிச் என்ற ரஷ்யப் புரட்சியாளர் மார்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இதையே கேட்டார்: எங்கள் கிராமப் பொதுநில அமைப்பு அழிந்தே தீர வேண்டுமா? மார்க்ஸ் நீண்ட வரைவுகள் பலவற்றை எழுதிப் பார்த்துவிட்டு, மார்ச் மாதம் ஒரு சிறிய பதிலை அனுப்பினார். ‘மூலதனம்’ நூலில் கூறிய வரலாற்று நியதி மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே உரியது என்றும், அந்தக் கிராம அமைப்பு ரஷ்யச் சமூகப் புத்துயிர்ப்புக்கு ஊன்றுகோலாக அமையலாம் என்றும் அதில் இருந்தது. அக்கடிதம் அச்சில் வந்தது 1924இல், 1917 ரஷ்யப் புரட்சி முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு.